கையெழுத்துப் போட்டால் கல்யாணம்

மாதா படத்துக்குக் கீழே, வீட்டுத் தலைவனுக்குரிய நாற்காலியில், பெண்ணின் அப்பா எவரார்தோவின் அண்ணன் கொர்னேலியோ உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே பெஞ்சில் மாப்பிள்ளையின் அப்பா அபுந்தியோ, தொப்பியை முழங்காலில் கவிழ்த்தபடி. அவரை ஒட்டி அவர் மனைவி க்ளோதில்தே. வாசலோரத்து முக்காலியில் மாப்பிள்ளை உலிசெஸ், தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு. அடுப்படிப் படியில் பெண் யெசெனியா. அவள் அம்மா ஃபிலோமெனா மட்டும் கதவில் சாய்ந்து நின்றாள்.

நடுவே பாயில் மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த சீர்: இரண்டு கூடை ரொட்டி, சாக்லேட் கட்டிகள், கால் கட்டிய வான்கோழிகள் இரண்டு. பெண்ணின் தகப்பன் சம்மதம் சொல்லி, கூடையை எடுத்து மாதாவின் முன் வைத்து, மெழுகுவத்தி ஏற்றினால்தான் பேச்சு முடிந்ததாக அர்த்தம். அந்தத் தகப்பன் ஆறு வருஷமாக ஜெயிலில் இருந்தான். தீர்ப்பாகி அல்ல, தீர்ப்புக்குக் காத்து.

"நல்ல கலருங்க சம்பந்தி," என்றாள் க்ளோதில்தே, ஃபிலோமெனாவின் ஆரஞ்சு ரவிக்கையைப் பார்த்து. "வீட்டுக்காரர் உள்ள இருக்கறப்ப எனக்கெல்லாம் மனசு வராது."

"ஜெயிலுக்குப் போக வாங்கினதுங்க. கறுப்பு, வெள்ளை, நீலம், காக்கியெல்லாம் கைதிங்க, காவலருங்க கலரு, அத உடுத்திட்டுப் போனா உள்ள விடமாட்டாங்க. என்கிட்ட இருக்கறதெல்லாம் இந்த மாதிரிதான்."

போன வருஷம் எவரார்தோவை வடக்கே தூரத்து ஜெயிலுக்கு மாற்றிவிட்டார்கள். பஸ்ஸுக்குப் பணமில்லாமல் பார்க்கப் போவது நின்றது. துணி மட்டும் மிச்சம்.

அவன் சாமான் வண்டி ஓட்டியவன். ஒரு மே மாதம் எவனோ வாடகைக்குக் கூப்பிட்டு ஒரு ஃபிரிட்ஜையும் டிவியையும் ஏற்றினான். போலீஸ் மறித்ததும் ஏற்றியவன் குதித்து ஓடினான், ஓட்டியவன் மாட்டினான். ஒரு வீட்டில் புகுந்து திருடிய சாமான். விசாரணை முடியும்வரை வெளியே விடவே கூடாத குற்றங்கள் என்று அரசியல் சட்டத்திலேயே ஒரு பட்டியல் உண்டு. வீடு புகுந்து திருடுவது அதில் அப்போதுதான் புதிதாகச் சேர்ந்திருந்தது. "போன வருஷமா இருந்தா நீ எப்படிப்பட்ட ஆளுன்னு விசாரிச்சிருப்பேன்," என்றாள் நீதிபதி, கடுமையில்லாமல். "இப்ப எனக்கு அந்த வேலையே இல்லப்பா."

இரண்டு வருஷத்துக்கு மேல் அடைத்து வைக்கக் கூடாது என்றும் அதே சட்டத்தில் ஒரு வரி இருந்தது. ஆனால் தன் பக்கத்துச் சாட்சியைக் கூப்பிட எவரார்தோ கேட்ட வாய்தாவெல்லாம் அவனே இழுத்தடித்ததாகக் கணக்காகி, அந்த வரி அவனுக்கு உதவாமல் போயிற்று. தலைநகரத்தில் பட்டியலை எடுத்துவிடப் போகிறார்கள் என்று ஒருமுறை ரேடியோ சொன்னது. பிறகு அதில் இன்னும் குற்றங்களைச் சேர்த்து நீட்டிவிட்டதாகச் சொன்னது. ஃபிலோமெனா ரேடியோவை அணைத்துவிட்டுச் சோளம் அவிக்கப் போனாள்.

இப்போது அரசாங்க வக்கீல் ஒரு வழி காட்டியிருந்தான். குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், இருந்த காலத்தையே தண்டனையாகக் கழித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். எவரார்தோ மனைவியிடம் போனில் சொன்னது ஒன்றுதான்: "கடுதாசியில நீ என்ன எழுதறியோ அப்படியே செய்யறேன்."

அபுந்தியோ தொண்டையைச் செருமினார். "எங்களுக்குப் பொண்ணு பிடிச்சிருக்கு. ஒரே ஒரு விஷயம். கோயில்ல அவளக் கூட்டிட்டு வர அப்பன் வேணும். அவரு கையெழுத்தப் போட்டுட்டு வந்துரட்டும். ஜனவரியில வெச்சுக்கலாம்."

"போட்டா அவர் திருடன்னு ஆயிருமே," என்றாள் ஃபிலோமெனா.

"அத யாரும்மா பாக்கறாங்க? எங்க தெருவுலயே நாலு பேரு அப்படி வந்து கடை வெச்சு நல்லாத்தான் இருக்காங்க. உள்ள இருக்கறதுதான் அசிங்கம்."

"செஞ்சேன்னு சொல்லி வீட்டுல இருந்தா மரியாதை. செய்யலைன்னு சொல்லி உள்ள இருந்தா அசிங்கம். அப்படித்தானே?"

"நான் சொல்லலம்மா. ஊரு சொல்லுது."

கொர்னேலியோ நாற்காலியில் அசைந்தார். திருடனுடைய அண்ணன் என்று அவரைத் திருவிழாக் கமிட்டியில் சேர்க்காமல் வைத்திருந்தார்கள். "எழுதிப் போடு ஃபிலோமெனா. எல்லாரும் களைச்சுப் போயிட்டோம்."

அது பொய்யில்லை. அவளே களைத்துத்தான் இருந்தாள். அவன் வந்து இந்தப் படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினால் போதும், காகிதத்தில் என்ன இருந்தால் என்ன என்று நினைக்காத நாளில்லை. சரி என்று சொல்ல வாய் எடுத்தாள்.

யெசெனியா எழுந்து, பிரித்து வைத்திருந்த துணியால் ரொட்டிக் கூடைகளை மறுபடி மூடினாள்.

"எங்கப்பா திருடன்னு எழுதிக் குடுத்தாத்தான் நான் நல்ல வீட்டுப் பொண்ணா? எடுத்துட்டுப் போங்க மாமா. சூடு ஆறல."

"ரொட்டியத் திருப்பி அனுப்பின வீடு இந்த ஊர்லயே கிடையாதுடி," என்றார் கொர்னேலியோ.

"இனிமே இருக்கட்டும் பெரியப்பா."

உலிசெஸ் தலை நிமிர்ந்தான். அவன் அம்மா அவன் தோளைத் தட்டி எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையில் உலிசெஸ் மூன்று சக்கர மோட்டார் டாக்ஸியோடு வந்தான். "வான்கோழிய விட்டுட்டு வந்துட்டாங்களாம். அம்மா எடுத்துட்டு வரச் சொன்னாங்க."

"ராத்திரி பூரா கத்துச்சு," என்றாள் யெசெனியா. "உங்கம்மா மாதிரியே."

"நேத்து நான் பேசியிருக்கணும்."

"ஆமா."

உள்ளே ஃபிலோமெனா எழுதி முடித்ததை ஒருதரம் படித்துப் பார்த்தாள்.

"முதல் விஷயம், நாங்கள் சுகம். இரண்டாவது, ரொட்டி திரும்பிப் போயிற்று. உங்கள் மகள்தான் அனுப்பினாள். ஆகவே அவளுக்காக நீங்கள் கையெழுத்துப் போட வேண்டாம். எனக்காகவும் வேண்டாம். இனி முடியவில்லை என்று உங்களுக்கே தோன்றினால் போடுங்கள். ஏன் போட்டீர்கள் என்று இந்த வீட்டில் யாரும் கேட்கமாட்டோம். மூன்றாவது, உங்கள் நாற்காலியில் உங்கள் அண்ணன் உட்கார்ந்தார். ஒரு கால் ஆடுகிறது. வந்து சரிசெய்ய வேண்டும்."

உறையின் பசை பிடிக்கவில்லை. மைதாவைக் கரைத்துத் தடவி, ஓரம் முழுக்கக் கட்டைவிரலால் அழுத்தினாள். வெளியே வந்து உலிசெஸிடம் நீட்டினாள்.

"தபாலாபீஸ் வழியாத்தானே போறே?"

அவன் விலாசத்தைப் படித்தான். "ஜெயில்ல பிரிச்சுப் படிச்சுட்டுத்தானே அத்தை குடுப்பாங்க? எதுக்கு இவ்ளோ ஒட்டறீங்க?"

"படிக்கட்டும். அவர் வழக்குல இதுவரைக்கும் யாரும் எதையும் படிக்கல. இதையாவது சிரமப்பட்டுப் பிரிச்சுப் படிக்கட்டும்."

கடிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, பின்சீட்டில் இரண்டு வான்கோழிகளும் கத்த, அவன் தபாலாபீஸ் பக்கம் வண்டியைத் திருப்பினான்.