மகாராணியின் சூப்

அந்த அரண்மனையில், கட்டியக்காரர் பட்டங்களை எல்லாம் சொல்லி முடிக்கும்வரை மகாராணி சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது. ராஜ்யம் பெருகப் பெருகப் பட்டங்களும் பெருகின. சூப்பில் ஆவி பறப்பதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாளே தவிர, சூடாக ஒரு வாய் குடித்ததில்லை.

ஒருநாள் பக்கத்து நாட்டுத் தூதர் சாப்பாட்டு மேஜைக்கே வந்து, "சண்டையே வேண்டாம், எங்க நாட்டை எடுத்துக்குங்க" என்று மண்டியிட்டார். தளபதியின் மீசை நிமிர்ந்தது.

மகாராணி கட்டியக்காரரைப் பார்த்தாள். "அண்ணே, இதைச் சேர்த்தா எத்தனை பட்டம் கூடும்?"

"மலைக்கு ஒண்ணு, ஆத்துக்கு ஒண்ணு, டிராகனுக்குத் தனியா ஒண்ணு, தாயே."

"டிராகன் வேறயா?" அவள் தூதரிடம் திரும்பினாள். "உங்க நாட்டை நீங்களே பத்திரமா வெச்சுக்குங்கய்யா. வந்தது வந்தீங்க, சாப்பிட்டுட்டுப் போங்க."

மீசை தொங்கியது. கட்டியக்காரர் தொண்டையைச் செருமி முதல் பட்டத்தைத் தொடங்கினார். மகாராணியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராஜா சத்தமில்லாமல் தன் கிரீடத்தைக் கழற்றி, அவள் சூப் கிண்ணத்தின்மேல் மூடியாகக் கவிழ்த்தார்.

"என்னங்க இது, எல்லாரும் பாக்கிறாங்க."

"பாக்கட்டும். இத்தனை வருஷம் என் தலையில சும்மாதானே உக்காந்திருந்துச்சு."

அன்று மகாராணி நாக்கைச் சுட்டுக்கொண்டாள். ஒரு வாரம் அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.