பக்கத்து நாற்காலி

ஆசிரியர் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாரை விசாரணைக்கு அழைத்தாலும் சங்கச் செயலாளர் போய் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டும். வாதாட வேண்டும் என்றில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாலே எதிரே இருப்பவர்களுக்குக் கொஞ்சம் கூச்சம் வரும். செயலாளரைக் கல்லூரியே அக்கா என்றுதான் கூப்பிடும். குடித்துவிட்டு வகுப்புக்கு வந்தவருக்கும் அக்கா உட்கார்ந்திருக்கிறாள், கல்லூரி முதல்வரை மேடையிலேயே கேலி செய்தவருக்கும் உட்கார்ந்திருக்கிறாள். இந்த முறை கறாருக்காக உட்கார வேண்டும். நினைத்தாலே அவளுக்கு உடம்பு அலுத்தது.

கறார் என்பது கணிதப் பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர். அரை மதிப்பெண்ணுக்குக் காலில் விழுந்தாலும் மசியமாட்டார். அந்த மனிதர் சும்மா இருக்காமல் கல்லூரி இதழில் ஒரு கட்டுரை எழுதினார். காது கேளாத பிள்ளைகளை மற்றவர்களோடு உட்கார வைத்துப் படிக்கவைப்பது வீண், அந்தப் பட்டம் அவர்களுடையதே அல்ல, பக்கத்தில் நின்று சைகை காட்டுகிறவருடையது என்று. மறுநாளே மாணவர்கள் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். அவரை வீட்டுக்கு அனுப்பும்வரை எழுந்திருக்கமாட்டார்களாம்.

அக்காவின் சொந்தத் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இதே கல்லூரியில்தான் படித்தான். அப்போது சைகை காட்ட ஆள் வைக்கவில்லை. தனக்கு வகுப்பில்லாத நேரமெல்லாம் அக்காதான் அவன் வகுப்பில் நின்று கை கடுக்கக் காட்டினாள். இப்போது அவன் கட்டட வரைபட அலுவலகம் ஒன்றில் பொறுப்பான வேலையில் இருக்கிறான். கறாரின் கட்டுரை வேறு யாரைச் சுட்டதோ தெரியாது, இந்த வீட்டை நன்றாகவே சுட்டது.

"அந்தாளு பக்கத்துலயா போய் உட்காரப் போற?" சாப்பிடும்போது தம்பி கையால் கேட்டான்.

அவளும் கையாலேயே சொன்னாள்: "அவர் எழுதினது சுத்த அபத்தம்டா. அதுக்காக வேலைய விட்டுத் தூக்கினா நாளைக்கு ஒருத்தரும் வாயத் திறக்கமாட்டாங்க."

"அவர் வேலை போயிடுமேன்னு கவலைப்படுற. என் பட்டத்த அவர் பிடுங்கினாரே, அது?"

அவள் பதில் சொல்லக் கை தூக்குவதற்குள் அவன் இரண்டு கைகளையும் மேசைக்கடியில் வைத்துக்கொண்டான். அந்த வீட்டில் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்துவது என்றால் அதுதான். பிறகு அவளிடம் அவன் கையைத் தூக்கவே இல்லை.

விசாரணையில் முதல்வர் தேனாகப் பேசினார். "நீங்க போய் ஒரு காபி குடிச்சிட்டு வாங்களேன்மா. பத்து நிமிஷத்துல முடிச்சிடுறோம்."

கறாரின் ராஜினாமாக் கடிதம் தட்டச்சாகி மேசையிலேயே தயாராக இருந்தது. எழுந்து போனால் நாற்காலி காலி, கறாரும் காலி. அவளுக்கு ஒரு கணம் ஆசையாகக்கூட இருந்தது.

"காலையிலயே குடிச்சிட்டேன் சார். இவர் தப்பா எழுதியிருக்கார்னா, தப்புன்னு சொல்றவங்களுக்கு ஒரு மேடை போடுங்க. பேச்சுக்குப் பேச்சுதான் பதில்."

இழுபறிக்குப் பிறகு அப்படியே முடிவானது. யார் வேண்டுமானாலும் கறாரை எதிர்த்துப் பேசலாம், அவர் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். படியிறங்கும்போது கறார் நின்றார்.

"உங்களுக்கு இப்படி வந்திருந்தா நான் உட்கார்ந்திருக்கமாட்டேன்."

"தெரியும் சார்," என்றாள். கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

கூட்டத்தன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. கல்லூரியின் சைகை மொழிபெயர்ப்பாளர், அந்த ஆள் இருக்கிற இடத்தில் என் கை அசையாது என்று விடுப்புப் போட்டுவிட்டார். பழைய மாணவன் என்ற முறையில் தம்பி மேடையேறினான். அவன் கையைப் படித்து வாயால் சொல்லத் தெரிந்தவர் அங்கே ஒரே ஒருவர்தான். அவன் விரலை நீட்டி அவளைக் கூப்பிட்டான்.

அவன் சொல்வதை அவனாகவே நின்று, 'நான்' என்றே சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பில் அதுதான் முறை.

"நான் இங்கதான் படிச்சேன். அக்கா பாடத்தக் கொண்டுவந்து குடுத்தாங்க. புரிஞ்சிக்கிட்டது நான். பரீட்சை எழுதினது என் கை." மண்டபம் கைதட்டியது. அவளும் மனசுக்குள் தட்டினாள்.

பிறகு தம்பி கறாரை விட்டு அவள் பக்கம் திரும்பினான். கைகள் நிதானமாக அசைந்தன. அவள் அதைக் கொஞ்சம் மழுப்பினாள்.

"சிலபேர் இவருக்குத் துணையா நின்னது எனக்கு வருத்தமா இருந்துச்சு," என்றாள்.

சிறுவயதிலிருந்து அவள் உதட்டைப் படித்தே வளர்ந்தவன் அவன். அவளுக்கு அது எப்படி மறந்ததோ! ஒலிவாங்கிக் கம்பத்தைத் தட்டினான். அதே வாக்கியத்தை மறுபடியும், ஒவ்வொரு சைகையாக நிறுத்திக் காட்டினான்.

வேண்டாதவன் பேச்சுரிமைக்காகப் போய் உட்கார்ந்தவள், கூடப் பிறந்தவன் பேச்சில் கத்தரி போட்டிருக்கிறாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. முன்வரிசையில் கறார் நிமிர்ந்து உட்கார்ந்து அவளையே பார்த்தார்.

"இவர் எழுதினது எனக்குப் பெரிசா வலிக்கல," என்றாள், தம்பியாக நின்று. "என் அக்கா போய் இவர் பக்கத்துல உட்கார்ந்தா. அதை நான் இன்னும் மன்னிக்கல."

மண்டபத்தில் யாரும் தட்டவில்லை. தம்பி அவள் உதட்டைக் கடைசிச் சொல்வரை பார்த்துவிட்டுத் தலையசைத்தான். கையைக் கீழே போடவில்லை. அவளிடம் சொல்ல அவனுக்கு இன்னும் நிறைய இருந்தது. அவளுக்குக் கால் கடுத்தது. ஒன்று விடாமல் சொன்னாள்.