ஈனாக்கின் பாட்டுத்தாள்

அமெரிக்காவில் சண்டை மூண்டு பஞ்சு வருவது நின்றதும், இங்கிலாந்தின் பிரஸ்டன் ஊரில் மில்கள் ஒவ்வொன்றாக மூடின. வேலையிழந்த நெசவாளிகள் தங்கள் கஷ்டத்தைப் பாட்டாக அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தார்கள். காலையில் கொடுத்த தாளை மாலையில் போய்த் திரும்ப வாங்கும்போது, மனமிருப்பவர்கள் கையில் ஏதாவது வைப்பார்கள்.

அவர்களில் ஒருவனான சேத் என்பவனுக்கு அச்சடிக்கவும் வழியில்லை. பக்கத்துத் தறிக்காரன் ஈனாக் காய்ச்சலில் படுத்தபோது, தன் தாள்களைச் சேத்திடம் கொடுத்தான். எல்லார் கஷ்டமும் ஒன்றுதானே, கொண்டு போ என்றான். சேத்துக்கும் அவன் மனைவி கெசையாவுக்கும் எழுத்து தெரியாது.

மறுநாள் காலை சேத் மேட்டுத் தெருவில் தாள்களைக் கொடுத்தான்; மாலை இருவரும் அவற்றைத் திரும்ப வாங்கப் போனார்கள். முதல் வீட்டு அம்மாள் தாளும் கையுமாகக் கதவைத் திறந்தாள்.

"உன் பெண்டாட்டி செத்துட்டாள்னு இதுல போட்டிருக்கு. அப்போ இது யாரு?"

கெசையாதான் பேசினாள்.

"நான்தாம்மா பெண்டாட்டி. இன்னும் சாகல. அந்த மட்டும் கெட்டிக்காரி."

அம்மாள் சிரிக்கவில்லை. ஊரை ஏய்க்கிறவர்களுக்கு இங்கே ஒன்றும் கிடையாது என்று கதவைச் சாத்தப் போனாள். அப்போதுதான் சேத்துக்கு உறைத்தது. ஈனாக்கின் மனைவி போன குளிர்காலத்தில் இறந்தவள்; தாள் அதற்குப் பிறகு அடித்தது. தட்டுத் தடுமாறி அதைச் சொன்னான்.

கெசையா கதவில் கை வைத்தாள். "ஒண்ணும் குடுக்க வேணாம்மா. அதைப் படிச்சு மட்டும் காட்டுங்க. அவளைக் கடைசியா குளிப்பாட்டினது நான்."

அம்மாள் வாசலிலேயே நின்று படித்தாள். கரியில்லாத அடுப்பைப் பற்றியும், தன் போர்வையைப் புருஷன்மேல் போட்டுவிட்டுக் கண்ணை மூடியவளைப் பற்றியும் இருந்தது. படிக்கப் படிக்க அவள் குரல் தாழ்ந்தது.

"அவ பேரு போட்டிருக்காம்மா?"

"இல்ல."

"ரோடான்னு பேரு."

அம்மாள் உள்ளே போய் ஒரு முழு ரொட்டியைக் கொண்டுவந்து கெசையாவின் கையில் வைத்தாள். மற்ற வீடுகளில் சேத்தும் கெசையாவும் எதுவும் கேட்கவில்லை; தாள்களை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். ரொட்டி யாருடையது என்று சேத் கேட்கவில்லை. வயிறு மட்டும் கேட்டது.

ரொட்டியையும் தாள்களையும் ஈனாக்கின் படுக்கையில் வைத்தார்கள். அவன் அவர்களையும் சாப்பிடச் சொன்னான். நாங்கள் சாப்பிட்டாயிற்று என்றாள் கெசையா.

ஈனாக் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரோடாவும் தினம் அப்படித்தான் சொல்லுவா. நானும் நம்பினேன்" என்றான்.

பிறகு ரொட்டியை மூன்றாகப் பிட்டான். அவர்கள் இருவரும் வாயில் வைக்கும்வரை அவன் தன் பங்கைத் தொடவில்லை.