பதினாலு மாசம்

என் வீட்டுக்காரருக்கு இரண்டு பிறந்தநாள். ஒன்று கம்பெனி கொண்டாடுவது, ஜூன் ஒன்றாம் தேதி. இன்னொன்று நான் கொண்டாடுவது, ஆவணி மாதத்தில் அவருடைய நட்சத்திரம் வரும் நாள். கம்பெனி வாழ்த்து அனுப்பும், நான் பாயசம் வைப்பேன். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் அந்தப் பாயசத்தை அவர் சூடாகக் குடித்தது நாலைந்து தடவை இருக்கும். மற்ற வருஷமெல்லாம் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொடுத்ததுதான். விமானம் ஓட்டுகிறவரைக் கட்டிக்கொண்டால் அப்படித்தான்.

இரண்டு பிறந்தநாள் வந்த கதைக்குக் காரணம் என் மாமனார் தணிகாசலம். புத்தூருக்கு அந்தப் பக்கம் அவர்களுக்கு நிலம். பையன் கோவர்த்தனன் எந்நேரமும் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தானாம். இவனைக் காவல் காக்க நம்மால் ஆகாது என்று பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். அப்போதெல்லாம் வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று கணக்கு. இவருக்கு நாலு வயதுகூட நிரம்பவில்லை, கை எட்டவில்லை. வாத்தியார் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் மாமனார் பையனின் தலையை லேசாகச் சாய்த்துப் பிடித்தார். விரல் காதில் பட்டுவிட்டது. வாத்தியாரும் எல்லாருக்கும் எழுதியதுபோல ஜூன் ஒன்று என்று போட்டு, ஐந்து வயதுக்கு ஏற்ற வருஷத்தையும் எழுதிவிட்டார். தலையைச் சாய்த்த சாய்ப்பில் பதினாலு மாசம் கீழே கொட்டிப்போனது.

நிஜமான தேதி ஜாதகத்தில் இருந்தது. பொருத்தம் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்த அந்த ஜாதகம் பிறகு என்னிடமே தங்கிவிட்டது.

விமானிக்கு அறுபத்தைந்து முடிந்தால் வீட்டுக்குப் போக வேண்டும், அதுதான் சட்டம். அதை அறுபத்தேழாக்கச் சொல்லி வெளிநாட்டுக் கம்பெனிகள் கேட்டுக்கொண்டிருந்தன. இங்கே இருக்கும் விமானிகள் சங்கம் ஆதரிப்பதா எதிர்ப்பதா என்று உறுப்பினர்களிடம் ஓட்டுக் கேட்டது. என் வீட்டுக்காரர் அந்தச் சங்கத்தில் இருபது வருஷமாகச் செயலாளர். வயதை உயர்த்தக் கூடாது என்று போன கடிதமெல்லாம் இவர் எழுதியது. மூத்தவர்கள் எழுந்தால்தான் இளையவர்களுக்குக் கேப்டன் இருக்கை கிடைக்கும், உடம்பின் களைப்பு சட்டத்துக்குக் கட்டுப்படாது என்றெல்லாம் எழுதி, அனுப்புவதற்கு முன் எந்த ஊர் ஓட்டலில் இருந்தாலும் எனக்குப் போனில் படித்துக் காட்டுவார். நான் அடுப்பில் கண்ணை வைத்துக்கொண்டு உம் கொட்டுவேன்.

இந்த வருஷம் ஜூன் ஒன்றோடு கம்பெனிக் கணக்கில் அவருக்கு அறுபத்தைந்து. அந்தத் தேதி நெருங்க நெருங்க, சங்கத்துப் பேச்சை எடுத்தால் தண்ணீர் குடிக்க எழுந்து போனார்.

என் மனதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவர் வீட்டுக்கு வர வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். யாராவது பத்திரிகை வைத்தால், டியூட்டி ரோஸ்டர் வரட்டும் பார்க்கலாம் என்று இழுக்காமல், இரண்டு பேரும் வருகிறோம் என்று சொல்ல வேண்டும். இதற்காகத்தான் திருப்பதியில் ரேணிகுண்டா ரோட்டில் வீடு கட்டிக்கொண்டு ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தேன். என் ஆசை பெரிய ஆசையா என்ன?

ஏப்ரலில் நாலு நாள் லீவில் வந்தார். வந்த அன்றே, என் ஜாதகத்தை எங்கே வைத்தாய் என்று கேட்டார். பிறந்த தேதியைத் திருத்தச் சொல்லி மனுப் போடப்போகிறார், பதினாலு மாசம் கிடைத்துவிடும், அதற்குள் சட்டமும் மாறினால் இன்னும் இரண்டு வருஷம் என்று என் மனம் ஓடியது. உங்கள் அம்மா பெட்டியில் இருக்கும் என்று கூசாமல் பொய் சொன்னேன். அது என் கூறைப்புடவை மடிப்புக்குள் இருந்தது. ஆம்பிளை கை அங்கே போகாது என்று எனக்குத் தெரியும்.

நாலு நாளும் தேடினார். பெட்டியைக் கவிழ்த்தார், பரணில் ஏறினார், பழைய மின்சார பில்லையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். தலையெல்லாம் ஒட்டடையோடு இறங்கி வந்தவருக்கு நானே துண்டெடுத்துத் துடைத்துவிட்டேன். அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

அவர் பரணில் இருந்தபோது பவ்யா போன் செய்தாள். சித்தூர்ப் பெண், இவரோடு துணை விமானியாகப் பறப்பவள். எட்டு வருஷமாகத் தோளில் மூன்று பட்டை. நாலாவது பட்டை ஏறினால்தான் கேப்டன். சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"ஆன்ட்டி, சார் எந்தப் பக்கம் ஓட்டுப் போடுவாரு? அவரோட லெட்டர் படிச்சிட்டுதான் நாங்கல்லாம் சங்கத்துல சேர்ந்தோம்."

எனக்குத் தெரியாதம்மா என்று வைத்துவிட்டேன். அவளுக்கும் எனக்கும் வேண்டியது ஒன்றுதான். அவள் நேராகக் கேட்டாள், நான் புடவைக்குள் ஒளித்துவைத்தேன். அன்றைக்கெல்லாம் அவர்மேல் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

லீவின் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை, ஓட்டுக்கும் அன்றுதான் கடைசி. போனிலேயே ஓட்டு. காலையில் மேஜைமேல் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர், டீ ஆறி ஏடு கட்டியும் எழுந்திருக்கவில்லை. அப்புறம் ஒரு விரலால் அழுத்தினார். எழுந்து பின்பக்கம் போய்த் துணி துவைக்கிற கல்மேல் உட்கார்ந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

"வேணாம்னு போட்டுட்டேன் காஞ்சனா," என்றார். "இருவது வருஷமா எழுதிக்கினு இருந்துட்டு, என் முறை வந்ததும் மாத்திப் பேசினா, எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அந்தப் பொண்ணு பக்கத்துல ஒக்கார்றது?"

சொல்லிவிட்டு அழுதார். அவருடைய நைனா, என் மாமனார் போனபோதுகூட அப்படி அழுததில்லை.

நான் ஜெயித்துவிட்டேன். பாயசம் வைத்திருக்க வேண்டும். ஆனால் உள்ளே போய்க் கூறைப்புடவையை உதறினேன், மஞ்சள் தடவிய அந்தக் காகிதம் விழுந்தது. கொண்டுவந்து அவர் கையில் கொடுத்து, நான்தான் ஒளித்துவைத்தேன், திட்டுவதானால் திட்டுங்கள், நாளைக்கே மனுப் போடுங்கள் என்றேன்.

அவர் திட்டவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தேதி இருந்த வரியை விரலால் தடவினார்.

"இத்த வெச்சி ஒண்ணும் பண்ண முடியாது. வேலைய வுட்டுப் போற நேரத்துல பொறந்த தேதிய மாத்தச் சொன்னா ஆபீஸ்ல எடுக்க மாட்டாங்க. சங்கத்துல வந்து கேட்டவங்ககிட்ட நானே அத்தச் சொல்லி அனுப்பியிருக்கேன்."

"அப்போ எதுக்கு நாலு நாளா அப்படித் தேடினீங்க?"

அவர் காகிதத்தை மடித்தார், மறுபடியும் பிரித்தார்.

"எனக்கு இன்னும் அறுவத்தஞ்சு ஆவலன்னு ஏதாவது ஒரு காயிதத்துல பாக்கணும்னு இருந்துச்சி. அவ்ளோதான்."

இந்த ஒரு சின்ன ஆசையைத்தான் நான் நாலு நாள் மடித்துவைத்திருந்தேன். முப்பத்தாறு வருஷத்தில் அவரிடம் நான் வெட்கப்பட்டது அன்றைக்குத்தான்.

சங்கத்தின் முடிவும் எதிர்ப்பு என்றே வந்தது. மே முப்பத்தொன்றாம் தேதி கடைசியாக விமானத்தை ஓட்டிக்கொண்டுவந்து எங்கள் ரேணிகுண்டா ஏர்போர்ட்டில் இறக்கினார். கழுத்தில் மாலையோடு வந்தவருக்கு வாசலில் ஆரத்தி எடுத்தேன். மறுநாள் கம்பெனியின் வாழ்த்து வரவில்லை.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் முருங்கைக்காய் சாம்பார் வைத்து, எதிரெதிரே இரண்டு தட்டுப் போட்டேன். உட்கார்ந்தார். இரண்டாவது வாய் எடுத்திருப்பார், மேலே சத்தம் கேட்டது. ஐதராபாத் விமானம், பத்து நிமிஷம் லேட் என்றார். எச்சில் கையோடு எழுந்து பின்பக்கம் போய்விட்டார்.

நான் போய்ப் பார்த்தபோது அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார். விமானம் மலைப்பக்கம் போய் மறைந்தது. மறைந்த பிறகும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சுத்தமாக இருந்த இடது கையைத் தலைக்கு மேலே போட்டு வலது காதைத் தொட்டார். தலையைக் கொஞ்சமும் சாய்க்கவில்லை.

"இப்ப நல்லா எட்டுது," என்றார். "அன்னிக்கி எட்டலன்னு என்னைத் திருப்பி அனுப்பியிருந்தா, இப்ப நான் அதுல இருந்திருப்பேன்."

சோறு ஆறுகிறது, வாங்க என்றேன். வந்தார். தட்டின் முன்னால் உட்கார்ந்தார். முப்பத்தாறு வருஷமாக நான் காத்திருந்த மனுஷன் எனக்கு எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தார், காது மட்டும் மேலே வானத்தில் இருந்தது. இவர் எப்போது வீட்டுக்கு வருவார் என்று பார்த்துக்கொண்டு நான் மோர் ஊற்றினேன்.