ஷ்ட்ரெக்கின் இடது பூட்ஸ்

எவால்ட் கோஸ்லிக் பேரம் பேசாமல் வாங்கினான். எனக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

வெள்ளிக்கிழமைச் சந்தையில் எங்களுடையது பழைய காலணிக் கடை. செத்தவனின் பூட்ஸை அவன் தம்பிக்கே விற்ற ஆள் என் அப்பா. "சொன்ன விலைக்குத் தலையாட்டுறவன்கிட்ட ஜாக்கிரதையா இருடா. சரக்கப் பத்தி உனக்குத் தெரியாதது ஏதோ அவனுக்குத் தெரியும்" என்பார். எவால்ட் தலையாட்டினான். அதுவும் எதற்கு? ஒற்றை பூட்ஸுக்கு.

ஒற்றை பூட்ஸ் விற்பது எங்களுக்குப் புதிதல்ல. போர் முடிந்து பத்து வருடம் ஆகியும் ஊரில் ஒற்றைக் கால்காரர்கள் குறையவில்லை. அவர்களுக்கென்றே தனிக் கூடை வைத்திருந்தேன். ஆனால் எவால்ட் கேட்டது கால்பந்து பூட்ஸ். ஒற்றைக் காலில் எவன் பந்து ஆடுகிறான்? அவன் கால் அளவு நாற்பத்தைந்து. வாங்கியதெல்லாம் நாற்பது, நாற்பத்தொன்று. போதாததற்கு ஒரு நிபந்தனை வேறு: அடுத்து நம் ஊருக்கு ஆட வருகிற அணியின் இடது விங்கர், அதாவது இடது ஓரமாக ஓடி ஆடுகிறவன், போட்டுக் கழித்ததாக இருக்க வேண்டும்.

"எதுக்குய்யா இது?"

"பூனைக்குப் பால் ஊத்த."

அடுத்த மாதம் கேட்டேன். "பூத்தொட்டி" என்றான். அவன் வீட்டில் பூனையும் இல்லை, பூவும் இல்லை. அதை அவன் மனைவி ஹெட்விக்கிடம் முன்பே விசாரித்திருந்தேன்.

எவால்டை ஊரில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் கிளப்பின் வலது பின்கள ஆட்டக்காரன். எதிரணியின் இடது விங்கரைத் தடுப்பது அவன் வேலை. பதினேழு வயதில் தொடங்கினான். நடுவில் போரும் சிறை முகாமும் சில வருடங்களைத் தின்றன. திரும்பி வந்து அதே இடத்தில் நின்றான். ஒரு கோல்கூட அடித்ததில்லை. நடுக்கோட்டைத் தாண்டினால் அந்தப் பக்கம் அவனுக்கு வழி தெரியாது என்று சாராயக் கடையில் சிரிப்பார்கள். ஆனால் அவனைத் தாண்டிப் போன விங்கர்களும் அதிகமில்லை. இத்தனைக்கும் அவன் வேகமானவன் இல்லை. என் பாட்டன் காலத்து வண்டிக் குதிரைகூட அவனை முந்தும்.

ஒரு புதன்கிழமை சுரங்க வாசலுக்குப் போனேன். கிளப் ஆட்டக்காரர்களுக்குச் சுரங்கத்தில் மேல்தள வேலை கொடுப்பார்கள். எவால்டுக்கு விளக்கு அறை. உள்ளே இறங்குகிறவர்களுக்கு ஜன்னல் வழியே விளக்கு கொடுத்து, ஏறி வந்ததும் திரும்ப வாங்கி வைக்க வேண்டும். அவன் முகம் திரும்பிய நேரம் உள்ளே எட்டிப் பார்த்தேன். விளக்குகளுக்கு மேலே, கடைசித் தட்டில், பதினோரு பூட்ஸ் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் சாக்பீஸில் ஒரு பெயர்.

"அகப்பட்டியா!" என்றேன்.

"சத்தம் போடாதே, யாவாரி" என்று உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினான். ஒன்றை எடுத்துத் தலைகீழாகப் பிடித்தான். அடியில் ஆணியடித்த தோல் குமிழ்கள். "இத பாரு. உள்பக்கக் குமிழு மட்டும் தேஞ்சிருக்கு. இவன் இடது கால ஊணி வலது பக்கமா, மைதானத்துக்கு உள்ளாறத்தான் பாய்வான். எப்படி ஆட்டினாலும் சரி, கடைசில அங்கதான் வருவான். நான் முன்னாடியே போய் நின்னுக்குவேன். அவ்வளவுதான்."

"இவ்வளவுதானா?"

"உனக்கு வேற என்ன வேணும், மந்திரமா?"

இருபது வருடம் காலணி விற்ற நான், அடிப்பாகத்தைப் பார்த்து விலையை மட்டுமே படித்திருந்தேன். இவன் ஆளையே படிக்கிறான்.

"ஒண்ணு கேக்கவா?" என்றான். குரல் மாறியிருந்தது. "சீசன் கடைசி ஆட்டம், பிர்க்கன்பெக்காரன் வர்றான். அவங்க விங்கர் ஷ்ட்ரெக். எனக்கு முப்பத்திநாலு ஆச்சு. ஷ்ட்ரெக்கப் பிடிச்சா இன்னொரு வருஷம், இல்லேன்னா என் இடத்துல சின்னப் பையன் ஆடுவான்னு கிளப் தலைவர் சொல்லிட்டாரு. இடம் போனா இந்த ஜன்னலும் போகும். மறுபடி கீழ இறங்கணும்."

கீழே எண்ணூறு மீட்டர். முன்பு அங்கே ஆறு வருடம் வேலை செய்தவன். அந்தத் தூசி இன்னும் அவன் இருமலில் இருந்தது.

"ஷ்ட்ரெக்கோட இடது பூட்ஸ் வேணும்" என்றான்.

பிர்க்கன்பெக் கிளப்பில் பூட்ஸ், சட்டைகளைப் பார்த்துக்கொள்கிறவன் புக்ஹோல்ட். அவனைப் பிடித்தேன். நாற்பது நிமிடம் வானிலை, வாத்து, அவன் மச்சான் என்று எல்லாம் பேசிவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தேன். கடைசியில் அவன் மனைவிக்கு ரோமம் வைத்த குளிர்காலக் காலணி ஒரு ஜோடி. எனக்கு ஒற்றை பூட்ஸ்.

"இது ஷ்ட்ரெக்கோடதுதானே?"

"எங்க அம்மா மேல சத்தியம்."

உள்பக்கக் குமிழ் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தது. எவால்ட் அதைப் பார்த்து விசிலடித்தான்.

மே மாத ஞாயிறு. மழை பெய்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. முதல் பாதியில் எவால்டின் பக்கம் பாப்லார் மரங்கள் நிற்கும் ஓரம். மைதானத்தில் நல்ல புல் இருப்பது அங்கேதான். ஷ்ட்ரெக் பந்தோடு வந்தான். எவால்ட் உள்பக்கத்தை அடைத்து நின்றான். ஷ்ட்ரெக் வெளிப்பக்கமாக, கோட்டை ஒட்டிப் பறந்துபோனான். இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறை அவன் தூக்கிக் கொடுத்த பந்து அவர்கள் ஆள் ஒருவனின் தலையில் பட்டு எங்கள் வலைக்குள் போனது.

"கோஸ்லிக், வீட்டுக்குப் போய் முட்டைக்கோசுக்குத் தண்ணி ஊத்து!" என்று யாரோ கத்தினான். போன வாரம் அவனுக்குப் பீர் வாங்கிக் கொடுத்த வாய் அது.

வேலியோரம் புக்ஹோல்டைக் கண்டுபிடித்துச் சட்டையைப் பிடித்தேன். "திருட்டுப் பயலே, யாரோட பூட்ஸ கொடுத்த?"

"ஷ்ட்ரெக்கோடதுதான்யா! கைய எடு. புது பூட்ஸ முதல் ஒரு மாசம் எங்க மாத்து கோல்கீப்பர் போட்டுத் தேய்ப்பான். ஷ்ட்ரெக் பாதம் பச்சக் கொழந்தப் பாதம். தோலு வெண்ணெயா இளகினாத்தான் போடுவான். மூணு ஆட்டம் போட்டுட்டுத் தூக்கிப் போட்டுடுவான்."

அப்பா இருந்திருந்தால் செவிட்டில் விட்டிருப்பார். யாருடையது என்று கேட்டேனே தவிர, யார் போட்டது என்று கேட்கவில்லை. பழைய காலணி யாவாரி கேட்க வேண்டிய ஒரே கேள்வி அது.

இடைவேளை விசில். ஆட்டக்காரர்கள் உடைமாற்றும் அறைக்குப் போகும் கயிற்று வழியில் நின்று எவால்டை மறித்தேன். தலைவர் பத்தடி தள்ளிக் கடுகடுவென்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவால்ட், தப்பு என்னோடது. அத மாத்து கோல்கீப்பர் போட்டுத் தேய்ச்சிருக்கான். ஷ்ட்ரெக்குக்குப் பாதம் நோகும்னு."

திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் நின்று, வியர்வையைத் துடைத்து, "பாதம் நோகுமா?" என்றான்.

"பச்சக் கொழந்தப் பாதமாம். புக்ஹோல்ட் சொன்னான்."

"அப்படியா!" என்றான். பிறகு தலையைத் திருப்பி, மக்கள் உட்காரும் மேடைப் பக்கத்து ஓரக்கோட்டைப் பார்த்தான். எனக்கும் அப்போதுதான் புரிந்தது. அங்கே புல் என்றைக்கும் முளைத்ததில்லை. வருடா வருடம் சுரங்கக் கசடைக் கொட்டி நிரப்புவோம். காய்ந்தால் உடைந்த பல்போலக் குத்தும். பக்கம் மாறியதும் எவால்ட் நிற்கப் போவது அந்த ஓரத்தில்.

இரண்டாம் பாதியில் எவால்ட் செய்ததைப் பார்த்து மேடையே கூச்சல் போட்டது. வெளிப்பக்கத்தை அப்படியே திறந்து வைத்தான். வா ராசா, வழி உனக்குத்தான் என்பதுபோல. ஷ்ட்ரெக் முதல் தடவை அந்த வழியில் போனான். கசடில் ஆறு எட்டு வைத்ததும் நடை நொண்டியது. பந்து தானாகவே கோட்டுக்கு வெளியே உருண்டது. அடுத்த தடவை கசடைப் பார்த்தான், எவால்டைப் பார்த்தான், உள்ளே திரும்பினான். எவால்ட் ஏற்கனவே அங்கே நின்றுகொண்டிருந்தான். அதற்கடுத்த தடவையும். எழுபதாவது நிமிடம் எங்கள் ஆள் ஒரு கோல் அடித்தான். ஒன்றுக்கு ஒன்று.

விசில் ஊதியதும் தலைவர் இறங்கி வந்தார். "முதல் பாதி கேவலம்" என்றார். "இரண்டாம் பாதிக்காக ஒரு வருஷம். ஒரே வருஷம்தான்." சொல்லிவிட்டு நடந்தார். எவால்ட் இருமினான், இருமலா சிரிப்பா என்று பிரித்தறிய முடியவில்லை.

திங்கள் காலை சுரங்க வாசலுக்குப் போனேன். ஜன்னலுக்குள் அவன்தான். இறங்குகிறவர்களுக்கு ஒவ்வொன்றாக விளக்கை நீட்டிக்கொண்டிருந்தான். வரிசை முடிந்ததும், அதே ஜன்னல் வழியாக, ஷ்ட்ரெக்கின் பூட்ஸையும் நீட்டினான்.

"மாத்திக் கொடு. போலிச் சரக்கு."

"யோவ், அதாலதானே உன் வேலை நிக்குது?"

"வேலை நிக்குறது என் தலையால. இது மாத்து கோல்கீப்பரோடது."

அரை மணி நேரம் வாதாடினோம். அவன் என்னிடம் பேரம் பேசியது அதுதான் முதல் தடவை, நன்றாகவே பேசினான். கடைசியில் ஹெட்விக்குக் கம்பளிச் செருப்பு ஒரு ஜோடி கொடுக்க ஒப்புக்கொண்டேன். போகும்போது முதுகுக்குப் பின்னால் அவன் குரல் கேட்டது.

"யாவாரி! ஆகஸ்ட்ல முதல் ஆட்டம். ரெண்டு பூட்ஸும் வேணும். யாரு போட்டதுன்னும் கேட்டு வாங்கு."