நுரை வராத மாடி வீடு

எங்கள் வீட்டு மாடி ஆறு மாதமாகக் காலி. காலி என்று சொல்வது அப்பா பேச்சிமுத்து. நான் அங்கேதான் குடியிருந்தேன். காலேஜ் மூன்றாம் வருடத்தில் ஒருவனுக்குத் தனி ரூம் கிடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. கீழே இறங்கினால் ஹாலில் அப்பாவின் குறட்டைக்குப் பக்கத்தில்தான் படுக்க வேண்டும்.

என் பக்கம் நின்றது எங்கள் போர் தண்ணீர் மட்டும்தான். அந்த உப்புத் தண்ணீரில் எந்த மிஷினும் முழு ஆயுசு வாழ்ந்ததில்லை. கீசரைக் கழற்றினால் உள்ளே கம்பிச் சுருள் தெரியாது, சுண்ணாம்புதான் தெரியும். ஷவரில் அறுபது ஓட்டை, வேலை பார்ப்பது நாலு; அதிலும் ஒன்று சுவரைக் குளிப்பாட்டும். வாஷிங் மிஷினில் சட்டையைப் போட்டால் அப்பளமாகத் திருப்பித் தரும்.

வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது தண்ணீரைத்தான். அப்பா முகம் மாறாமல் "நல்ல தண்ணி" என்பார். அவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவிப் பார்ப்பார்கள். நுரை வராது. "வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றோம்ணே" என்று கிளம்பிவிடுவார்கள். ஏழு குடும்பம் இன்னும் கலந்துகொண்டிருக்கிறது.

எட்டாவதாக, பரவையிலிருந்து சிவக்குமாரும் அவர் மனைவி முனீஸ்வரியும் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்கள். அப்பா சனிக்கிழமை சாயங்காலமே லாரித் தண்ணீர் வரவழைத்து மாடித் தொட்டியை நிரப்பினார்.

"நாளைக்கு சோப்பைக் காட்டுனாலே நுரை கொட்டும். நீ புஸ்தகத்தையெல்லாம் கீழ இறக்கிரு."

"சரிப்பா" என்றேன்.

ஞாயிறு காலை அப்பா வாக்கிங் கிளம்பியதும் தோட்டத்துப் பைப்பைத் திறந்துவிட்டேன். எங்கள் வேப்பமரம் பிறந்ததிலிருந்து முதல் முறையாக நல்ல தண்ணீர் குடித்தது. தொட்டி காலியானதும் மோட்டாரைப் போட்டு, நம்ம போர் தண்ணீரையே ஏற்றிவிட்டேன்.

பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். முனீஸ்வரி ரூமைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு சோப்பை எடுத்துக்கொண்டு நேராக பாத்ரூமுக்குப் போனார். அப்பா கதவோரம் மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி நின்றார்.

முனீஸ்வரி தேய்த்தார், தேய்த்தார், தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னண்ணே, நுரையே காணோம்?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஷவரைப் பார்த்தேன்.

"அது வந்தும்மா..." என்று அப்பா ஆரம்பித்தார்.

முனீஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டே புருஷனைக் கூப்பிட்டார். "ஏங்க, இந்த வீட்டையே முடிச்சிருவோம்."

"நுரை வரலைங்கிற?"

"அதான் சொல்றேன். இந்த வாரம் நாலு வீடு பாத்தோம். நாலுலயும் நுரை பொங்குது. பக்கத்து வீட்டுல கேட்டா எல்லாம் உப்புத் தண்ணியாம், லாரித் தண்ணிய ஊத்தி நம்மள ஏமாத்தியிருக்காங்க. இந்தண்ணே ஒருத்தர்தான் உள்ளதை உள்ளபடி காட்டியிருக்காரு. தண்ணிக்கு ஏதாச்சும் மிஷின் மாட்டிக்கலாம், பொய் சொல்ற ஓனருக்கு என்னத்த மாட்டுறது?"

அப்பா மெதுவாக நிமிர்ந்தார்.

"பொய் பேசுறது நம்ம வீட்ல பழக்கம் இல்லம்மா."

நான் குனிந்து பைப்பை மூடினேன். வாய் திறந்தால் இரண்டு பேருடைய மானமும் போகும்.

"தம்பி புஸ்தகம் இம்புட்டு கிடக்கே, எப்ப காலி பண்ணுவாப்ல?" என்றார் சிவக்குமார்.

"இப்பவே" என்றார் அப்பா.

மத்தியானத்துக்குள் என் கட்டில் ஹாலுக்கு வந்துவிட்டது. அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"லாரித் தண்ணி எங்கடா?"

"வேப்பமரத்துல."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ராஜபாண்டி சித்தப்பா வீட்டு மாடியும் ஒரு வருஷமா சும்மா கிடக்கு. புதன்கிழமை பாக்க வாராங்களாம். லாரிக்குச் சொல்லி வச்சிருக்கான்."

"அதுக்கு?"

"அன்னைக்குக் காலைல போய் அவன் தொட்டியத் திறந்து விட்டுட்டு வந்துரு. அவன்கிட்ட சொல்லாத, பயப்படுவான்."