மொட்ட அட்ச்சிக்கினு வா

பேக்கிங் வரிசையில் நின்றிருந்த ஜெபாவின் தலைத்தொப்பியை சூப்பர்வைசர் துளசிராமன் பின்னாலிருந்து உருவினார். தொப்பியோடு ஒரு கொத்து முடியும் வந்தது. அதை விரலிடுக்கில் பிடித்து எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார்.

"பாருங்க. பிஸ்கட் பாக்கெட்ல முடி கெடக்குதுன்னு கடக்காரன் போட்டோ அனுப்பறான். எங்கேர்ந்து வருதுன்னு இப்ப தெரிஞ்சிதா?"

ஜெபாவுக்குக் காதுமடல் சுட்டது. குழந்தைக்கு மூன்று மாதம் ஆனபோது கொட்ட ஆரம்பித்த முடி. சீப்பில், தலையணையில், குழந்தையின் மூடிய கைக்குள்கூட. பிள்ளை பெற்றால் கொஞ்ச நாள் அப்படித்தான் கொட்டும், தானாக நின்று திரும்ப முளைக்கும் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லியிருந்தாள். வீட்டில் அதை யாரும் காதில் வாங்கவில்லை. காலையில்கூட அவள் கணவன் ராபின், குளியலறையில் தண்ணீர் போகும் துளையை அடைத்திருந்த முடியைத் துடைப்பக்குச்சியால் எடுத்துக் காட்டி, "இன்னாடி இது, ஊடு பூரா உன் முடிதான்" என்று சிரித்தான். கும்மிடிப்பூண்டி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் அவள் அப்படியே ஓடிவந்திருந்தாள்.

"கொழந்த பெத்ததால கொட்டுது சார். கொஞ்ச நாள்ல நின்னுடும்."

"அப்ப நின்னப்புறம் வா. இல்ல, நாளைக்கு மொட்ட அட்ச்சிக்கினு வா."

யாரோ சிரித்தார்கள்.

"மாவு பெசையற ஆம்பளைங்க தாடியோடதான நிக்கறாங்க? அவங்கள செரச்சிக்கினு வரச் சொன்னீங்களா?" அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "உங்க ஊட்ல புள்ள பெத்தவங்க யாருமே இல்லியா?"

துளசிராமனின் முகம் கறுத்தது. "வெளிய போ! மணியம்மா, அந்த எடத்தயும் நீயே பாத்துக்கோ."

ஜெபா அவரிடமிருந்து தொப்பியைப் பிடுங்கித் தலையில் மாட்டி, காதை மூடும்வரை இழுத்துவிட்டாள். வாசல் பக்கம் நகரவில்லை. பாக்கெட்டுகளைத் தொடவும் இல்லை. பால் கட்டி வலித்த மார்பின்மேல் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பக்கத்தில் நின்ற மணியம்மாள் அந்த லைனிலேயே பழையவள், யாரையும் எதிர்த்துப் பேசாதவள். அவள் தலை நிமிரவில்லை.

"ரெண்டு எடம் என்னால பாக்க முடியாது சார்."

"அப்ப யாரு பாக்கறது?"

ஒருத்தியும் தன் இடத்தைவிட்டு நகரவில்லை. ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டில் வந்த பாக்கெட்டுகள் ஜெபாவின் முன்னால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் சரிந்தன. ஒன்று தரையில் விழுந்தது. பிறகு சடசடவென்று துளசிராமனின் ஷூவைச் சுற்றி விழ ஆரம்பித்தன. ஒரு கையில் அவளுடைய முடியை இன்னும் பிடித்தபடி, மறுகையால் அவர் குனிந்து பொறுக்கத் தொடங்கினார்.